முக்கோணம் ஏன் நீள்கிறது? துணிக் கஞ்சியின் அறிவியல்

மாணவர்களே, 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை வெட்டுங்கள். இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். நீண்ட பக்கத்தை அளந்தால் ஏறக்குறைய 14.1 சென்டிமீட்டர் இருக்கும். பித்தாகோரஸ் தேற்றம் சொல்வதும் அதுதான். நாளைக்கு அளந்தாலும் அதே அளவுதான் வரும்.

இதையே ஒரு பருத்தித் துணியில் செய்து பாருங்கள். வெட்டிய உடனே 14.1 சென்டிமீட்டர் இருக்கும். கையில் எடுத்து, தையல் இயந்திரத்தில் வைத்து, தைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி அளந்தால் அது 14.5 ஆகியிருக்கலாம், 14.7கூட ஆகியிருக்கலாம். துணியில் ஒரு நூல்கூட நீளவில்லை. ஆனால் முக்கோணம் நீண்டுவிட்டது. பித்தாகோரஸ் பொய் சொல்லிவிட்டாரா?

இல்லை. இந்தப் புதிருக்கு விடை நெசவில் இருக்கிறது. அதற்குத் தீர்வு நம் சமையலறையில் இருக்கிறது. வேட்டிக்கும் சேலைக்கும் நம் வீடுகளில் போடும் கஞ்சிதான் அந்தத் தீர்வு.

சிறு சிறு துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து, அதன் கீழே பஞ்சும் அடித்துணியும் வைத்து, மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கும் போர்வையைக் குவில்ட் என்பார்கள். இதைத் தைப்பவர்கள் துணியை வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போடுவது உண்டு. அழகுக்காக அல்ல, அளவுக்காக. ஒரு வரிசையில் 20 துண்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் நீண்டால் வரிசை 20 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அடுத்த வரிசை நீளவில்லை என்றால் இரண்டு வரிசைகளின் மூலைகளும் சேராது. பல வார உழைப்பு அங்கேயே கோணிப்போகும்.

எந்த மாவில் கஞ்சி காய்ச்சுவது? எவ்வளவு கெட்டியாக? எப்போது போடுவது? எப்போது நீக்குவது? இந்த நான்கு கேள்விகளுக்கும் அறிவியல் வழியில் விடை தேடுவோம்.

பாவும் ஊடையும்

நெய்த துணியில் இரண்டு வகை நூல்கள் உண்டு. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. அதன் குறுக்கே மேலும் கீழுமாக ஓடுவது ஊடை. இரண்டும் 90 பாகையில் ஒன்றையொன்று கடக்கின்றன. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் துணி ஆயிரக்கணக்கான சிறு சதுரங்கள் கொண்ட வலைபோல் தெரியும்.

பாவு செல்லும் திசையில் துணியை இழுங்கள். நூலையே இழுக்கிறீர்கள், அதனால் அதிகம் நீளாது. ஊடையின் திசையில் இழுத்தால் சற்றே கூடுதலாக நீளும். இப்போது மூலைவாட்டில், அதாவது 45 பாகைத் திசையில் இழுங்கள். துணி ரப்பர்போல் நீளும். இங்கே நூல் நீளவில்லை. நூல்கள் கடக்கும் இடங்களில் கோணம் மாறுகிறது. சிறு சதுரங்கள் எல்லாம் சாய்சதுரங்களாகின்றன. பக்கங்களின் நீளம் அப்படியே இருக்க, ஒரு மூலைவிட்டம் நீள்கிறது, மற்றது சுருங்குகிறது.

எவ்வளவு நீளும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பக்கம் 10 சென்டிமீட்டர், கோணம் 90 பாகை என்றால் மூலைவிட்டம் 14.14 சென்டிமீட்டர். கோணம் வெறும் 4 பாகை மாறி 86 ஆனால், நீண்ட மூலைவிட்டம் 20 × கொசைன் 43, அதாவது 14.63 சென்டிமீட்டர். கண்ணுக்கே தெரியாத 4 பாகைச் சாய்வு, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீட்சியைத் தந்துவிட்டது. குவில்ட் தைப்பவர்கள் தையலுக்காக ஓரத்தில் விடும் இடம் கால் அங்குலம்தான். அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 5 மில்லிமீட்டர் பிழை எவ்வளவு பெரியது என்று இப்போது புரிகிறதா?

ஆகவே, பித்தாகோரஸ் தப்பவில்லை. செங்கோணம்தான் செங்கோணமாக இல்லாமல் போயிற்று. நூல்கள் கடக்கும் இடங்களை அசையாமல் பிடித்துவைக்க முடிந்தால் முக்கோணம் நீளாது. கஞ்சி செய்யும் முதல் வேலை அதுதான்.

ஒரே செங்கல், இரண்டு கட்டடங்கள்

பருத்தி நூல் பெரும்பாலும் செல்லுலோஸால் ஆனது. கஞ்சி மாவுச்சத்தால் ஆனது. இரண்டையும் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது ஒரே பொருள்தான்: குளுக்கோஸ். ஒரே செங்கலைக்கொண்டு கட்டிய இரண்டு வெவ்வேறு கட்டடங்கள் இவை.

வேறுபாடு, குளுக்கோஸ் அலகுகள் கைகோக்கும் விதத்தில் இருக்கிறது. செல்லுலோஸில் அவை பீட்டா பிணைப்பால் இணைவதால் சங்கிலி நேராக நீள்கிறது. பக்கத்துச் சங்கிலிகளோடு நெருக்கமாக அடுங்கி உறுதியான இழையாகிறது. அதனால்தான் பருத்திச் சட்டை துவைத்தால் கரைவதில்லை. மாவுச்சத்தில் அலகுகள் ஆல்ஃபா பிணைப்பால் இணைகின்றன. சங்கிலி சுருள்கிறது. சூடான நீர் அதற்குள் எளிதில் புகுந்துவிடுகிறது.

செல்லுலோஸ், மாவுச்சத்து இரண்டின் உடலிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இந்தத் தொகுதிகள் ஒன்றையொன்று ஈர்த்து ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்கும். ஒரு பிணைப்பு மிக வலுவற்றது. ஆனால் கோடிக்கணக்கில் சேரும்போது பிடி இறுகிவிடும். கஞ்சி பருத்தியோடு இவ்வளவு நன்றாக ஒட்டுவதற்கு இதுவே காரணம். பொலியஸ்டர் துணியில் அத்தகைய தொகுதிகள் மிகக் குறைவு. அதனால்தான் அதே கஞ்சி பொலியஸ்டரில் சரியாகப் பிடிப்பதில்லை.

மாவுச்சத்திலும் இரண்டு வகை மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று அமைலோஸ். கிளைகள் அதிகமில்லாத நீண்ட சங்கிலி. மற்றொன்று அமைலோபெக்டின். மரம்போல் கிளைவிட்டுக் கிளைவிட்டு வளர்ந்த பெரிய மூலக்கூறு. நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று பக்கவாட்டில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். கிளைகள் உள்ளவற்றுக்கு அது கடினம். கட்டு விறகை அடுக்குவதையும், இலையோடு வெட்டிய கிளைகளை அடுக்குவதையும் நினைத்துப் பாருங்கள். அமைலோஸ் மிகுந்த கஞ்சி உலர்ந்தால் வலுவான படலம் தரும். அமைலோபெக்டின் மிகுந்த கஞ்சி பசைபோல் இழுபடும். ஆனால் படலம் அவ்வளவு வலுவாக இராது. மாவைத் தேர்ந்தெடுப்பதன் இரகசியம் இந்த விகிதத்தில்தான் அடங்கியிருக்கிறது.

அடுப்பில் நடப்பது என்ன?

பச்சைத் தண்ணீரில் மாவைக் கலக்குங்கள். வெள்ளையாகக் கலங்கி நிற்கும். சற்று நேரம் விட்டால் மாவு அடியில் படிந்துவிடும். மாவு கரையவில்லை, அதன் மணிகள் நீரில் மிதந்தன, அவ்வளவுதான். இந்த நீரைத் துணியில் தெளித்தால் உலர்ந்த பிறகு மாவு தூளாக உதிரும்.

சூடாக்கும்போது கதை மாறுகிறது. பெரும்பாலான மாவுகளில் 60 முதல் 75 பாகை செல்சியஸுக்குள் மணிகள் நீரை உறிஞ்சி, பலமடங்கு பருத்து, கடைசியில் வெடிக்கின்றன. முதலில் அமைலோஸ் வெளியே கசிகிறது. கலங்கல் தெளியத் தொடங்கும், கரண்டி கனக்கும். இதைத்தான் நாம் ‘கஞ்சி வெந்துவிட்டது’ என்கிறோம். அறிவியலில் இதைக் கூழாதல் எனலாம். இப்போதுதான் மூலக்கூறுகள் நூலிழைகளுக்கு இடையே புகும் அளவுக்கு விடுபட்டிருக்கின்றன.

கொதிக்கும் நீரில் உலர்ந்த மாவை நேரடியாகக் கொட்டினால் கட்டி தட்டுகிறதே, ஏன்? மாவுக் கட்டியின் வெளிப்புறம் நொடியில் கூழாகிவிடும். அந்தக் கூழ் ஒரு தோலைப்போல் மூடிக்கொள்ள, உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதனால்தான் முதலில் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்டு பிறகு அடுப்பில் உள்ள நீரில் ஊற்ற வேண்டும். நம் பாட்டிமார் சொல்லித்தந்த முறைக்குப் பின்னால் இருக்கும் காரணம் இது.

ஆறவைத்த கஞ்சி சில மணி நேரத்தில் மேலும் இறுகி, நீர் பிரிந்து நிற்பதையும் கவனித்திருப்பீர்கள். விடுபட்ட அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குவதே காரணம். எனவே கஞ்சியை அன்றன்றைக்குக் காய்ச்சிப் பயன்படுத்துவதே நல்லது.

எந்த மாவு நல்லது?

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மாவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோள மாவு. இதன் மாவுச்சத்தில் சுமார் கால் பங்கு அமைலோஸ். படலம் விறைப்பாக இருக்கும். ஆனால் கஞ்சி ஒளிபுகாமல் வெண்மையாக இருப்பதால், கறுப்பு, கரும் நீலம் போன்ற துணிகளில் வெள்ளைத் திட்டு தெரியலாம். ஆறினால் சீக்கிரம் இறுகும். வெளிர்நிறத் துணிகளுக்கு ஏற்றது.

மரவள்ளிக் கிழங்கு மாவு. அமைலோஸ் பங்கு இதைவிடக் குறைவு. ஏறக்குறைய 17 விழுக்காடு. கஞ்சி கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். சீக்கிரம் இறுகாது. விறைப்பு சற்றுக் குறைவு. ஆனால் அடர்நிறத் துணியில் திட்டு குறைவாகவே தெரியும். கடையில் சவ்வரிசி என்று வாங்குவதும் பெரும்பாலும் மரவள்ளி மாவில் உருட்டியதுதான். தமிழ்நாட்டின் சேலம் வட்டாரம் இதற்குப் பெயர்பெற்றது. சேலைக்குச் சவ்வரிசிக் கஞ்சி போடும் வழக்கம் உள்ள வீடுகளில் பயன்படுவது இந்த மாவுச்சத்துதான்.

சேகு மாவு. இது சேகுப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்படுகிறது. சரவாக்கின் முக்கா வட்டாரத்தில் மெலனாவ் மக்களின் பழைய உணவு இது. உலகச் சந்தைக்குச் சேகு மாவை ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அமைலோஸ் பங்கு சோள மாவுக்கு நிகராகவோ சற்றுக் கூடுதலாகவோ இருப்பதால் நல்ல விறைப்பு தரும். நெசவாலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் இது பயன்படுகிறது.

அரிசி. இதன் மாவு மணிகள் மிகச் சிறியவை. பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. உருளைக்கிழங்கு மாவின் மணிகள் 100 மைக்ரோமீட்டர்வரை இருக்கும். முன்பு சோற்றை வடிக்கும்போது கிடைத்த வடிகஞ்சியே துணிக்குப் போதுமானதாக இருந்தது. மின்சாரச் சோற்றுப் பானை வந்தபின் பல வீடுகளில் வடிகஞ்சி இல்லை. கடை அரிசி மாவில் காய்ச்சலாம். ஆனால் அதில் மாவுச்சத்தோடு புரதமும் இருப்பதால் நன்றாக வடிகட்ட வேண்டும்.

புலுட் அரிசி மாவு. இதில் அமைலோஸ் அநேகமாக இல்லை. வெறும் அமைலோபெக்டின்தான். பலகாரம் ஒட்டிக்கொண்டு இழுபடுவதற்குக் காரணமும் அதுவே. விறைப்பு வேண்டிய வேலைக்கு இது முதல் தேர்வு அல்ல.

கடையில் விற்கும் தெளிப்புக் கஞ்சியும் உண்டு. அதில் கெட்டுப்போகாமல் காக்கும் பொருளும், இஸ்திரிப் பெட்டி வழுக்கிச் செல்வதற்கான சிலிகோன் போன்ற பொருளும் சேர்ந்திருப்பது வழக்கம். வசதியானது, ஆனால் விலை கூடுதல். கெட்டித்தன்மையை நம் விருப்பத்துக்கு மாற்றவும் முடியாது.

ஆக, ‘எது சிறந்த மாவு?’ என்ற கேள்வி முழுமையானதல்ல. ‘எந்த நிறத் துணிக்கு? எந்தத் திசையில் வெட்டுவதற்கு?’ என்று சேர்த்துக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

காய்ச்சும் முறை

தேவையானவை: மாவு, 500 மில்லிலிட்டர் நீர், சிறிய தராசு, வடிகட்ட மெல்லிய துணி, தெளிப்புப் புட்டி.

மாவின் அளவை வேலைக்கேற்ப முடிவு செய்யுங்கள். சதுரமும் செவ்வகமும் மட்டும் வெட்டுவதாக இருந்தால் 5 கிராம் போதும். இது 1 விழுக்காட்டுக் கஞ்சி. முக்கோணம், மூலைவாட்டுப் பட்டை ஆகியவற்றுக்கு 10 கிராம். இது 2 விழுக்காடு. பூ, இலை போன்ற வடிவங்களை வெட்டி ஓரத்தை மடித்து மற்றொரு துணியின் மேல் தைப்பதற்கு 20 கிராம். இது 4 விழுக்காடு. இந்தக் கெட்டிக் கஞ்சி தெளிப்புப் புட்டியை அடைத்துவிடும். அதைத் தூரிகையால் ஓரத்தில் மட்டும் தடவ வேண்டும்.

1. 500 மில்லிலிட்டரில் 100 மில்லிலிட்டரைத் தனியே எடுத்து, குளிர்ந்த நிலையில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள்.

2. மீதி 400 மில்லிலிட்டரைக் கொதிக்க வையுங்கள்.

3. கரைத்த மாவை மறுபடி ஒருமுறை கலக்கி, கொதிக்கும் நீரில் மெல்ல ஊற்றிக்கொண்டே கிண்டுங்கள்.

4. ஒன்று அல்லது இரண்டு நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணையுங்கள்.

5. ஆறியதும் வடிகட்டிப் புட்டியில் ஊற்றுங்கள்.

கவனம்: கொதிக்கும் கஞ்சி வெறும் வெந்நீரைவிட ஆபத்தானது. தோலில் பட்டால் வழிந்து ஓடாமல் ஒட்டிக்கொண்டு சுடும். பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

அறை வெப்பத்தில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். புளித்த வாடை வந்தால் பாக்டீரியா உங்களுக்கு முன்பே விருந்து தொடங்கிவிட்டது என்று பொருள். கொட்டிவிடுங்கள்.

வரிசை மாறினால் வேலை கெடும்

நல்ல கஞ்சியும் தவறான நேரத்தில் போட்டால் கெடுதல் செய்யும். சரியான வரிசை இது: துவை, உலர்த்து, கஞ்சி போடு, இஸ்திரி போடு, வெட்டு, தை.

முதலில் ஏன் துவைக்க வேண்டும்? புதுப் பருத்தித் துணி நீர் பட்டால் சற்றுச் சுருங்கும். வெட்டிய பிறகு ஈரக் கஞ்சி தெளித்தால் துண்டுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கிவிடும். முழுத் துணியாக இருக்கும்போதே சுருங்கட்டும். பிறகு அளந்து வெட்டலாம்.

துணியின் பின்புறத்தில் சீராகத் தெளியுங்கள். உடனே இஸ்திரி போடாதீர்கள். சில நிமிடம் பொறுங்கள். கஞ்சி நூலுக்குள் ஊற வேண்டும். மேற்பரப்பிலேயே இருக்கும்போது சூடு பட்டால் அது செதிலாக உரியும். இஸ்திரிப் பெட்டியின் அடியிலும் ஒட்டும். சூடு அதிகமானால் மாவுச்சத்து சிதையத் தொடங்கிப் பழுப்பு நிறமாகும். ரொட்டியைச் சுடும்போது மேல்புறம் சிவப்பதும் ஓரளவு இதனால்தான்.

இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்கக் கூடாது என்பதும் முக்கியம். ஈரத்தில் இருக்கும் துணியை மூலைவாட்டில் இழுத்துத் தேய்த்தால், சாய்ந்துபோன கோணத்தையே கஞ்சி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பெட்டியைத் தூக்கி, வைத்து, அழுத்தி, மறுபடி தூக்குங்கள். நேரான வடிவத்தில் உலர்ந்தால் நேராக நிற்கும். கோணலாக உலர்ந்தால் கோணலாகவே நிற்கும். எது நேர், எது கோணல் என்று கஞ்சிக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது உங்கள் கை.

நம் ஊர்க் காற்று

காலையில் விறைப்பாக இருந்த வேட்டி மழை பெய்த மாலையில் தொய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறீர்களா? சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். மலேசியாவின் பல பகுதிகளிலும் நிலைமை இதுதான். நீர் மூலக்கூறுகளுக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு பிடிக்கும். அவை மாவுச்சத்துச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, சங்கிலிகளின் பிடியைத் தளர்த்துகின்றன. படலம் நெகிழ்ந்துவிடுகிறது. ஆகவே கஞ்சி போட்ட துணியை இங்கே நாள்கணக்கில் காத்திருக்க வைக்காமல், போட்ட அன்றே வெட்டுவது நல்லது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாவுச்சத்து ஓர் உணவு. நமக்கு மட்டுமல்ல, பூஞ்சைக்கும் உணவு. வெள்ளிமீன் பூச்சி என்ற சிறு பூச்சி பழைய புத்தகங்களின் பசையைத் தின்பதை அறிவீர்கள். அது தேடி வருவதும் இதே மாவுச்சத்தைத்தான். கஞ்சியோடு மடித்து அலமாரியில் வைத்த போர்வை, ஈரக் காற்றில் இந்த உயிர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டாகிவிடும். கஞ்சியைத் தின்னும்போது துணியும் கறைபடும், துளைபடும்.

துணி சரியாகப் பேணப்பட்டால் மனிதரைவிட நீண்டகாலம் வாழும். 1942இல் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் மூன்று குவில்ட்களைத் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். வேறு முகாமில் இருந்த கணவர்களுக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்கப் பலர் அந்தச் சதுரங்களில் தங்கள் பெயரைத் தைத்தார்கள். அவற்றுள் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. 80 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயர்களைப் படிக்க முடிகிறது. நீங்கள் தைக்கும் போர்வையும் உங்கள் பேரப்பிள்ளைகள் கைக்குப் போகலாம். அதற்கு வழி, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அதில் உணவு விட்டுவைக்காமல் இருப்பது.

ஆகவே போர்வை முடிந்ததும் துவைத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீர் நல்லது. சில சலவைத் தூள்களில் அமைலேஸ் என்ற நொதி இருக்கும். நம் உமிழ்நீரிலும் இருக்கும் அதே வகை நொதி. அது மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக வெட்டி நீரோடு அனுப்பிவிடும். பருத்தியின் செல்லுலோஸை அதனால் வெட்ட முடியாது. ஆல்ஃபா பிணைப்புக்கு மட்டுமே அது பொருந்தும் சாவி. ஒரே செங்கலால் ஆன இரண்டு கட்டடங்களில் ஒன்றை மட்டும் இடிக்கும் கருவி நம்மிடம் இருக்கிறது என்பது எவ்வளவு வசதி!

கஞ்சியின் சிறப்பு இதில்தான் இருக்கிறது. வேலை நடக்கும்வரை பிடித்து நிற்கிறது. வேலை முடிந்ததும் நீரில் கரைந்து போய்விடுகிறது. கரையாத பசை எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

செய்து பாருங்கள்: சோதனை 1

கேள்வி: எந்த மாவின் கஞ்சி மூலைவாட்டு நீட்சியை அதிகம் குறைக்கிறது?

ஒரே பருத்தித் துணியைத் துவைத்து உலர்த்துங்கள். அதை நான்கு பகுதிகளாக்குங்கள். ஒன்றுக்குச் சோள மாவுக் கஞ்சி, ஒன்றுக்கு மரவள்ளிக் கஞ்சி, ஒன்றுக்குப் புலுட் கஞ்சி. மூன்றும் 2 விழுக்காடு. நான்காவது பகுதிக்கு வெறும் நீர் மட்டும். எல்லாவற்றையும் ஒரே அளவு நனைத்து, ஒரே வகையில் இஸ்திரி போடுங்கள்.

ஒவ்வொன்றிலிருந்தும் 45 பாகையில் 3 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள மூன்று பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். பட்டையின் ஒரு முனையை மேலே கவ்வியில் பிடித்து, மறுமுனையில் 100 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கோடுகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, மூன்று பட்டைகளின் சராசரியை எழுதுங்கள்.

இதில் தற்சார்பு மாறி மாவின் வகை. சார்பு மாறி நீட்சி. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்று நீங்களே பட்டியலிடுங்கள். குறைந்தது ஐந்து இருக்கும். அளப்பதற்கு முன்பே உங்கள் கருதுகோளை எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் எழுதுவது கருதுகோள் ஆகாது.

சோதனை 2

கேள்வி: துவைத்ததும் கஞ்சி முழுவதும் போய்விட்டதா?

இலையில் மாவுச்சத்தைச் சோதிக்கப் பயன்படுத்தும் அதே அயோடின் கரைசல் போதும். கஞ்சி போட்டு உலர்ந்த சிறு துண்டு ஒன்றில் ஒரு துளி விடுங்கள். கருநீலம் தோன்றும். அமைலோஸ் சுருளுக்குள் அயோடின் புகுந்துகொள்வதால் வரும் நிறம் அது. புலுட் கஞ்சி போட்ட துண்டில் சிவப்பு கலந்த பழுப்பு நிறம் வருகிறதா என்று கவனியுங்கள். அங்கே சுருள்கள் குட்டையானவை.

இப்போது வேறு துண்டுகளைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை, அமைலேஸ் உள்ள சலவைத் தூளில் ஒருமுறை எனத் தனித்தனியே துவைத்து, உலர்த்திச் சோதியுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். கடையில் வாங்கி, இன்னும் துவைக்காத புதுத் துணித் துண்டு ஒன்றிலும் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நீங்கள் கஞ்சியே போடாத அந்தத் துணியும் நீலமாகலாம். தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க ஆலையிலேயே கஞ்சி போடுவது உண்டு. ஆலைகள் பிறகு அதை நீக்குவதற்கும் அமைலேஸ் நொதியைப் பயன்படுத்துகின்றன. நீக்கியதில் மிச்சம் இருந்தால் அயோடின் காட்டிக்கொடுத்துவிடும். சோதனை 1இல் துணியை முதலில் துவைக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

அயோடின் துணியிலும் தோலிலும் கறைபடுத்தும். கையுறை அணியுங்கள். முடிந்துபோன போர்வையில் ஒருபோதும் சோதிக்காதீர்கள். கூடவே வைத்துத் துவைத்த தனித் துண்டில் மட்டும் சோதியுங்கள்.

சிந்தியுங்கள்

1. பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள துணிச் சதுரத்தின் கோணம் 90இலிருந்து 88 பாகையானால், நீண்ட மூலைவிட்டம் எத்தனை மில்லிமீட்டர் கூடும்?

2. கறுப்புத் துணியில் முக்கோணங்கள் வெட்ட வேண்டும். எந்த மாவை, எத்தனை விழுக்காட்டில் தேர்வீர்கள்? காரணம் இரண்டு எழுதுங்கள்.

3. ஒருவர் கஞ்சியை 2 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்த்தினால் துணி நான்கு மடங்கு நன்றாக நிற்கும் என்கிறார். நீங்கள் ஏற்கிறீர்களா? சோதித்துப் பார்க்க ஒரு முறையை வடிவமையுங்கள்.

4. பொலியஸ்டர் கலந்த பள்ளிச் சீருடையில் கஞ்சி ஏன் நன்றாகப் பிடிப்பதில்லை? மூலக்கூறு அளவில் விளக்குங்கள்.

முதல் கேள்வியின் விடை: ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். மற்ற மூன்றுக்கும் விடையை உங்கள் அளவுகோலும் அயோடின் துளியும் சொல்லட்டும்.